ஏரியைத் தொடும் சட்டங்கள்: செம்பாக்கத்திலிருந்து நாடாளுமன்றத்தைப் பார்த்தால்

செம்பாக்கம் ஏரியைக் காக்கும் சட்டம் எது என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. ஏறக்குறைய 100 ஏக்கர் பரப்புள்ள இந்த ஏரி, சிட்லபாக்கம் பக்கமிருந்து வரும் தண்ணீரை வாங்கி, நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் வழியே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அனுப்பிவைக்கிறது. வீடுகள் பெருகப் பெருக மழைநீரோடு கழிவுநீரும் வந்து சேர்ந்தது. கேர் எர்த் டிரஸ்ட், தி நேச்சர் கன்சர்வன்சி ஆகிய அமைப்புகள் இறங்கிச் சீரமைப்பு வேலை செய்யும் நிலைக்கு ஏரி வந்தது. ஆகாயத்தாமரையை அகற்றுவதும் கரையை உயர்த்துவதும் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். அந்த ஏரியில் கழிவுநீரை விட்டவருக்கு என்ன தண்டனை, அந்த நீர்நிலைக்கு எந்த வரையறை பொருந்தும், வழக்கை எந்தத் தீர்ப்பாயம் விசாரிக்கும் என்பவை சட்டப் புத்தகத்தில் முடிவாகின்றன.

அந்தப் புத்தகத்தைப் புரட்டினால் பல சட்டங்கள் எதிர்ப்படும். ஆக்கிரமிப்பை அகற்ற, தமிழ்நாடு சட்டமன்றம் 2007-ல் இயற்றிய ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம். கழிவுநீருக்கு, நாடாளுமன்றத்தின் 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம். பொதுவான பாதுகாப்புக்கு 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், அதன்கீழ் 2017-ல் வந்த ஈரநில விதிகள். வழக்குக்கு 2010-ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம். ஏரிக்கரைத் தெருக்களின் குப்பைக்கும் வடிகாலுக்கும் பொறுப்பான தாம்பரம் மாநகராட்சியும் அரசியல் சட்டத்தின் நிழலில்தான் நிற்கிறது. 1992-ல் வந்த 74-வது திருத்தமே நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் அரசியல் சட்டத்தில் இடம் கொடுத்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது.

இவற்றில் ஒன்றைத் தவிர மற்ற அனைத்துக்கும் வேர் நாடாளுமன்றத்தில் இருக்கிறது. நாடாளுமன்றம் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது, எப்படிச் சட்டம் செய்கிறது என்பதை இந்த ஏரியை வைத்தே பார்த்துவிடலாம். பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். வாக்கெடுப்பு நடக்கும் மணி நேரத்தை மட்டும் நாம் கவனிக்கிறோம். சட்டத்தின் உயிர் அதற்கு முந்தைய நிலைக்குழுவிலும் பிந்தைய விதிகளிலும் இருக்கிறது. அந்த இரண்டு இடங்களையும் குடிமக்கள் கைவிட்டுவிட்டோம். நாம் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்களும் ஏறக்குறைய கைவிட்டுவிட்டார்கள்.

இரண்டு அவைகள், ஒரு வாக்கு

அரசியல் சட்டத்தின் 79-வது பிரிவுப்படி குடியரசுத் தலைவர், மாநிலங்களவை, மக்களவை ஆகிய மூன்றும் சேர்ந்ததே நாடாளுமன்றம். மக்களவையில் 543 உறுப்பினர்கள். ஆங்கிலோ இந்தியருக்கான 2 நியமன இடங்கள் 104-வது திருத்தத்தால் 2020 ஜனவரியோடு முடிந்தன. மாநிலங்களவையில் 245 இடங்கள். அதில் 12 பேர் நியமனம் பெறுகிறவர்கள், மற்றவர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள். மக்களவை கலையும், மாநிலங்களவை கலையாது. 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதில் மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 இடங்கள், மாநிலங்களவையில் 18.

செம்பாக்கத்து வாக்காளர் தாம்பரம் சட்டமன்றத் தொகுதியில் வாக்களிக்கிறார். தாம்பரம், ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. அம்பத்தூர், மதுரவாயல், ஆலந்தூர், பல்லாவரம் ஆகியவையும் அதே தொகுதிதான். வேளச்சேரி சாலையில் சற்றுத் தூரம் போய் மேடவாக்கத்தை அடைந்தால் சோழிங்கநல்லூர் சட்டமன்றத் தொகுதி. அங்கே மக்களவைத் தொகுதி தென்சென்னை. செம்பாக்கத்தில் நிரம்பும் தண்ணீர் பள்ளிக்கரணை போய்ச் சேர்வதற்குள் வேறொரு எம்.பி.யின் எல்லைக்குள் நுழைந்துவிடுகிறது. நீரோட்டத்தைப் பார்த்து யாரும் தொகுதி வரைவதில்லை. ஒரு ஏரிச் சங்கிலிக்காகப் பேச வேண்டுமானால் குறைந்தது 2 உறுப்பினர்கள் சேர்ந்து பேச வேண்டும்.

எம்.பி. என்றதும் நம் தெருவில் நினைவுக்கு வருவது பேருந்து நிழற்குடையில் எழுதிய பெயர். தொகுதி மேம்பாட்டு நிதி 1993-ல் தொடங்கியது. இப்போது ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். நிழற்குடை வேண்டும்தான். ஆனால் அதைக் கட்ட மாநகராட்சி இருக்கிறது. சட்டம் செய்ய எம்.பி.யைத் தவிர வேறு ஆள் இல்லை.

எந்தப் பட்டியல்?

ஏழாவது அட்டவணையின் 3 பட்டியல்களும் அதிகாரத்தைப் பங்கிடுகின்றன. தண்ணீரும் நிலமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அப்படியானால் செம்பாக்கம் ஏரியைப் பற்றி டெல்லி எப்படிச் சட்டம் செய்தது? இரண்டு வழிகள் இருந்தன, இரண்டையும் அது பயன்படுத்தியது.

முதலாவது 252-வது பிரிவு. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டால், மாநிலப் பொருள்களிலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். கேட்ட மாநிலங்களுக்கு அது செல்லும். மற்றவை விரும்பினால் பிறகு தீர்மானம் நிறைவேற்றி ஏற்கலாம். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுச் சட்டம் இப்படிப் பிறந்தது. தமிழ்நாடு முதலில் கேட்ட மாநிலங்களில் இல்லை, பின்னரே ஏற்றது. நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் உருவானது. இந்தப் பிரிவின் அழகு, மாநிலத்தின் சம்மதம் அதன் அடித்தளமாக இருப்பது. அதே சட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் ஒரு திருத்தம் வந்தது. பல மீறல்களுக்குச் சிறைத் தண்டனையை நீக்கி அபராதத்தை வைத்தது. இமாசலப் பிரதேசமும் ராஜஸ்தானும் கேட்டதால் அந்த மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் முதலில் அது பொருந்தியது. தீர்மானம் நிறைவேற்றாத மாநிலத்துக்கு அது தானாக வராது. பழைய தண்டனை வேண்டுமா புதிய அபராதம் போதுமா என்பது சென்னையில், கோட்டையில் எடுக்க வேண்டிய முடிவு.

இரண்டாவது 253-வது பிரிவு. வெளிநாட்டு ஒப்பந்தங்களையும் பன்னாட்டு மாநாட்டு முடிவுகளையும் நிறைவேற்ற, எந்தப் பட்டியலில் உள்ள பொருளிலும் நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம். 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன் பின் வந்த 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம், 1972-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாட்டைத் தன் முகவுரையிலேயே காட்டுகிறது. இங்கே மாநிலத்தின் சம்மதம் தேவைப்படவில்லை. அந்த ஒரு சட்டத்தின் நீளமான கையில்தான் ஈரநில விதிகள், கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை எல்லாம் தொங்குகின்றன.

பொதுப் பட்டியலில் வேறு கதை. அங்கே, 254-வது பிரிவுப்படி, மத்தியச் சட்டத்தோடு மாநிலச் சட்டம் மோதினால் மத்தியச் சட்டம் நிற்கும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தால் அந்த மாநிலத்தில் மாநிலச் சட்டம் நிற்கும். 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு 2017-ல் தமிழ்நாடு கொண்டுவந்த ஜல்லிக்கட்டுத் திருத்தம் இந்தக் கதவின் வழியே நுழைந்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியவர்களுக்கு 254-வது பிரிவு தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர்களுடைய கோரிக்கையைச் சட்டமாக்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மசோதாவின் பயணம்

ஒரு மசோதா மூன்று வாசிப்புகளைக் கடக்க வேண்டும். அறிமுகம் முதல் வாசிப்பு. கொள்கை அளவிலான விவாதமும் பிரிவு வாரியான பரிசீலனையும் இரண்டாவது. முழு மசோதா மீதான வாக்கெடுப்பு மூன்றாவது. ஓர் அவை முடித்ததை மற்ற அவை திரும்பச் செய்யும். இரண்டு அவைகளும் ஒத்துப்போகாவிட்டால் கூட்டு அமர்வு. 1961-ல் வரதட்சணைத் தடைச் சட்டத்துக்கும், 1978-ல் வங்கிப் பணியாளர் தேர்வாணையத்தை நீக்கவும், 2002-ல் பொடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துக்கும் என மூன்றே முறை அது நடந்தது. கடைசியாகக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். அரசியல் சட்டத் திருத்தத்துக்குக் கூட்டு அமர்வு கிடையாது. ஒவ்வொரு அவையிலும் தனித்தனியே சிறப்புப் பெரும்பான்மை வேண்டும்.

இது பாடப்புத்தகத்தில் உள்ள படம். நடைமுறையில் முடிவு பெரும்பாலும் அவைக்குள் வருமுன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. 1985-ல் 52-வது திருத்தம் கொண்டுவந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அதற்கு ஒரு காரணம். கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்கலாம். ஆட்சிக் கவிழ்ப்புகளைத் தடுக்க வந்த அந்தச் சட்டம், ஒரு சாதாரண மசோதாவின் ஒரு சாதாரணப் பிரிவில்கூட உறுப்பினரின் மனச்சாட்சிக்கு இடம் விடவில்லை. நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் நிதி மசோதாவுக்கும் மட்டும் கொறடா கட்டுப்படுத்தினால் போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

கொறடா நுழையாத அறை ஒன்று இருக்கிறது. அதுதான் துறைசார் நிலைக்குழு. 1993-ல் 17 குழுக்களோடு இந்த முறை தொடங்கியது. 2004-ல் 24 ஆனது. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், எல்லாக் கட்சியினரும் இருப்பார்கள். கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கும். தொலைக்காட்சிக் கேமரா கிடையாது. அதனால் யாரும் தொகுதிக்காக முழங்க வேண்டியதில்லை. துறைச் செயலரை உட்காரவைத்துக் கேள்வி கேட்கலாம், நிபுணர்களை அழைக்கலாம். பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுப்பதும் வழக்கம். செம்பாக்கத்தில் இருக்கும் ஒரு குடியிருப்போர் நலச் சங்கம், ஒரு மத்தியச் சட்டத்தின் வாசகத்தை அது சட்டமாகும் முன் மாற்றச் சொல்லி நாடாளுமன்றத்துக்கே எழுத வாய்ப்புள்ள முறையான இடம் அது. குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எழுத்தில் வந்த ஆட்சேபத்துக்கு அரசு அவையில் பதில் சொல்ல வேண்டிய நெருக்கடி உண்டாகும்.

இந்த அறை காலியாகிவருகிறது. நாடாளுமன்ற நடவடிக்கைகளைத் தொடர்ந்து ஆராயும் பி.ஆர்.எஸ். நிறுவனத்தின் கணக்குப்படி, 14-வது மக்களவையில் 60 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 15-வதில் 71 சதவீதம். 16-வதில் சுமார் 25. 2019 முதல் 2024 வரையிலான 17-வது மக்களவையில் 16 சதவீதம். முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள் கூடியது. 17-வது 55 நாள். அந்த மக்களவை தன் ஐந்தாண்டுக் காலம் முழுவதையும் துணை சபாநாயகர் இல்லாமலே கழித்தது. தமிழ்நாட்டிலிருந்து கோ.இலட்சுமணனும் மு.தம்பிதுரையும் அமர்ந்த நாற்காலி அது. "இயன்ற அளவு விரைவில்" தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 93-வது பிரிவு சொல்கிறது.

2020 செப்டம்பரில் 3 வேளாண் சட்டங்கள் எந்தக் குழுவுக்கும் போகாமல் நிறைவேறின. மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் வாக்குகளை எண்ணச் சொல்லிக் கேட்டபோதும் இரண்டு மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்தன. ஓராண்டுக்கு மேல் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று அதே சட்டங்களை நீக்கும் மசோதா ஒரே நாளில் இரண்டு அவைகளிலும் விவாதமில்லாமல் நிறைவேறியது. இயற்றியபோதும் குழு இல்லை, நீக்கியபோதும் விவாதம் இல்லை. குழுவில் சில மாதங்கள் செலவழித்திருந்தால் அந்த ஆண்டு முழுவதும் சாலையில் கழிந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

குழுவுக்குப் போய்விட்டால் எல்லாம் சரியாகும் என்றும் சொல்ல முடியாது. ஜன் விஸ்வாஸ் மசோதா 2022 டிசம்பரில் கூட்டுக்குழுவுக்குப் போனது; 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. 42 சட்டங்களின் 183 விதிகளை ஒரே வீச்சில் மாற்றியது. அதில் ஒன்று 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தின் 15-வது பிரிவு. முன்பு மீறுவோருக்கு 5 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்போது 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம். அதைக் கட்டாவிட்டால்தான் சிறை. நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் தேங்கும் குற்ற வழக்கைவிட உடனே விதிக்கும் அபராதம் பயன் தரும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏரியில் கழிவை விடுவது குற்றமா, கட்டணம் கட்டித் தீர்க்கும் தவறா என்ற கேள்விக்குத் தனி மசோதாவும் தனி விவாதமும் வேண்டும். அஞ்சல், மருந்து, காப்புரிமை என 41 பிற சட்டங்களோடு சேர்த்துக் கட்டிய மூட்டையில் அதை எத்தனை பேர் பிரித்துப் பார்த்திருப்பார்கள்?

மாநிலங்களவையைச் சுற்றிப் போகும் பாதை

பண மசோதாவை மாநிலங்களவை மாற்ற முடியாது. 14 நாளுக்குள் பரிந்துரை மட்டும் செய்யலாம். மக்களவை அதைத் தள்ளிவிடலாம். எது பண மசோதா என்பதை முடிவு செய்பவர் மக்களவைத் தலைவர். வரி, கடன், அரசுக் கணக்கு ஆகியவற்றை மட்டுமே கொண்ட மசோதாவுக்கு 110-வது பிரிவு கொடுத்த சலுகை இது.

2017-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இந்தச் சலுகையில் ஏறிச் சென்றது. பல தீர்ப்பாயங்களின் உறுப்பினர்களுக்கான தகுதி, நியமனம், பதவிக்காலம் ஆகியவற்றை விதிகளால் தீர்மானிக்கும் அதிகாரத்தை அது மத்திய அரசுக்குக் கொடுத்தது. அவற்றில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் ஒன்று. மாநிலங்களவை 5 திருத்தங்கள் சொன்னது. மக்களவை அனைத்தையும் நிராகரித்தது. ரோஜர் மேத்யூ வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின்கீழ் அரசு வகுத்த விதிகளை ரத்து செய்தது. அது பண மசோதாதானா என்ற கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. சென்னைப் புறநகரின் ஏரி வழக்குகள் போய் நிற்கும் தீர்ப்பாயத்தின் அமைப்பு, பட்ஜெட்டோடு சேர்ந்து மாற்றப்பட்டது என்பதை இங்கே பலர் அறியவே இல்லை.

விதி என்னும் இரண்டாவது சட்டம்

எனக்கு மிகுந்த கவலை தருவது இந்தப் பகுதிதான். நாடாளுமன்றம் சட்டத்தின் எலும்புக்கூட்டை மட்டும் செய்து, சதையை வைக்கும் அதிகாரத்தை அமைச்சகத்திடம் கொடுக்கிறது. நுணுக்கமான பொருள்களில் இது தவிர்க்க முடியாதது. ஆனால் ஒரு வரையறையை மாற்றும் விதி, சட்டத்தையே மாற்றுவதற்குச் சமம்.

2010-ஆம் ஆண்டு ஈரநில விதிகளின் வரையறை ஏரிகள், நீர்த்தேக்கங்கள், குளங்கள், மனிதர் உருவாக்கிய ஈரநிலங்கள் எல்லாவற்றையும் உள்ளே கொண்டிருந்தது; நேரடிப் பாதுகாப்பு சில வகைகளுக்கு மட்டுமே கிடைத்தது என்றாலும் வரையறையின் கதவு திறந்திருந்தது. 2017-ஆம் ஆண்டு விதிகள் அந்தக் கதவைச் சாத்தின. குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர் கட்டிய நீர்நிலைகள் ஈரநிலம் ஆகாது என்றன. தமிழ்நாட்டின் நிலை என்ன? நம் ஏரிகள் பெரும்பாலும் பாசனத்துக்காகக் கரை கட்டி உருவாக்கியவை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களை ஏரி மாவட்டம் என்றே அழைக்கிறோம். வயல்கள் மனைகளாகிப் பல ஆண்டுகள் ஆன பின்னும், பாசன ஏரி என்ற பிறப்புச் சான்றிதழ் செம்பாக்கம் போன்ற ஏரிகளை அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்துகிறது.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சுமார் 1,248 ஹெக்டேர். அது விதிகளுக்குள் வருகிறது. அதற்குத் தண்ணீர் கொடுக்கும் மேல் ஏரிகள் வரையறைக்கு வெளியே நிற்கின்றன. ஈரநிலத்தின் தாக்க மண்டலம் என்று விதிகளில் உள்ள ஒரு சொற்றொடர்தான் இப்போதைக்குப் பிடிமானம். அந்த மண்டலம் வரையறுக்கப்படும் வரை சதுப்பு நிலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025-ல் உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய்க் கட்டுமானத் தொழிலையும் வெள்ளத்தில் தத்தளிக்கும் குடும்பங்களையும் தொடும் இந்த முடிவு, எந்த எம்.பி.யும் வாக்களிக்காத ஒரு விதியின் சொற்றொடரிலிருந்து பிறந்தது.

சுற்றுச்சூழல் சட்டத்தின் 26-வது பிரிவுப்படி ஒவ்வொரு விதியும் இரண்டு அவைகளிலும் 30 நாள் வைக்கப்பட வேண்டும். இரண்டு அவைகளும் சேர்ந்தால் திருத்தலாம், ரத்து செய்யலாம். இரு அவைகளிலும் இதற்கென்றே சார்நிலைச் சட்டக் குழுக்கள் இருக்கின்றன. கருவி இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்துவோர் குறைவு. ஏரிகளை வெளியே தள்ளிய வரியைத் திருத்தச் சொல்லித் தமிழ்நாட்டின் 57 உறுப்பினர்களும் கட்சி பாராமல் ஒரே குரலில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

மொழி இன்னொரு தடை. மசோதாக்களும் விதி வரைவுகளும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகின்றன. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவு வந்தபோது, அதை அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் பெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. மசோதா வரைவுகளை 30 நாளாவது மக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்று 2014-லேயே மத்திய அரசு கொள்கை முடிவு எடுத்தது. படிக்க முடியாத மொழியில் 30 நாள் வைத்தாலும் 300 நாள் வைத்தாலும் பயன் ஒன்றே.

தனி உறுப்பினரின் எல்லை

அரசு சாராத உறுப்பினர் கொண்டுவந்து சட்டமான மசோதாக்கள் 1952 முதல் 14 மட்டுமே. கடைசி ஒன்று 1970-ல். ஆனாலும் அந்த முயற்சி வீண் அல்ல. 2015 ஏப்ரல் 24 அன்று திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை ஏற்றது. மக்களவையில் நிறைவேறாமலே அது காலாவதியானது. ஆனால் அதன் பின் அரசே மசோதா கொண்டுவர வேண்டிவந்தது. 2019-ல் ஒரு சட்டம் வந்தது. சிவாவின் மசோதாவில் இருந்த இட ஒதுக்கீடு அதில் இல்லை என்பது பெரிய குறை. எனினும் ஒரு தனி உறுப்பினர் அரசின் மேசையில் ஒரு கேள்வியை வைக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டுச் சாட்சி அது.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1962-ல் சென்னை மாநிலத்துக்கு 41 மக்களவை இடங்கள் இருந்தன. 1967 தேர்தலில் 39 ஆயின. பின்னர் 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் மாநிலங்களுக்கான இடங்கள் உறையவைக்கப்பட்டன; 84-வது திருத்தம் அந்த உறைவை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னே நின்ற மாநிலம் குரலை இழக்கக் கூடாது என்பது நியாயமான போராட்டம். அதே தீவிரத்தோடு, இருக்கும் 39 பேர் எந்தக் குழுவில் அமர்கிறார்கள், அங்கே என்ன கேட்கிறார்கள் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

எல்லா மசோதாவும் நிலைக்குழுவுக்குப் போவது அவை விதியிலேயே கட்டாயமாக வேண்டும். அவசரம் என்றால் காரணத்தை எழுத்தில் சொல்லட்டும். வரைவுகள் தமிழிலும் வர வேண்டும். சுற்றுச்சூழல், வனத்துறைகளைக் கவனிக்கும் நிலைக்குழு மாநிலங்களவைச் செயலகத்தின்கீழ் இயங்குகிறது. அடுத்த முறை அது கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுக்கும்போது, செம்பாக்கம், சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் பகுதிகளின் குடியிருப்போர் சங்கங்கள் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். அதன் நகலை உங்கள் எம்.பி.க்கும் கொடுத்து, பாசன ஏரிகளை ஈரநில வரையறைக்குள் திரும்பக் கொண்டுவர அவர் என்ன செய்யப் போகிறார் என்று பதில் கேளுங்கள்.